எல்லா டிக்கெட்டும் பி1-ன்னா எதை முதல்ல எடுக்குறது?

புதுபிஓ_கோவை · 4 அக்டோபர் 2025, காலை 9:12

போன மாசம்தான் என்னை பிஓ (ப்ராடக்ட் ஓனர், டீம் எந்த வேலைய எந்த வரிசைல எடுக்கணும்னு முடிவு பண்ற ஆள்) ஆக்குனாங்க, அதுக்கு முன்னாடி டெஸ்டிங்ல இருந்தேன். டீம்ல ஏழு பேர். வேலைங்களைப் பதிஞ்சு வைக்கற ஜிரால முன்னூறு டிக்கெட்டுக்கு (ஒரு டிக்கெட்னா ஒரு வேலை) மேல கிடக்கு, பாதிக்கு மேல ஹையஸ்ட், அதாவது பி1, முதல் முன்னுரிமை. சேல்ஸ் ஒண்ணு கேக்குறாங்க, சப்போர்ட் ஒண்ணு கேக்குறாங்க, எம்.டி. நேரா டெவலப்பர் சீட்டுக்கே வந்து ஒண்ணு சொல்லிட்டுப் போறார். வேலைய வரிசைப்படுத்தற முறைங்கன்னு மாஸ்கோ, ரைஸ், டபிள்யூஎஸ்ஜேஎஃப்னு என்னென்னமோ படிச்சேன். நீங்கல்லாம் எதை யூஸ் பண்றீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அதையே பிடிச்சுக்கறேன்.

ராத்திரி_ரிலீஸ் · 4 அக்டோபர் 2025, இரவு 11:05

ஃபார்முலா அப்புறம். முதல்ல அந்த ஹையஸ்ட், ஹை, மீடியம்னு இருக்குற கட்டத்தைப் பாக்குறதையே விடுங்க தம்பி. பாதி டிக்கெட் ஹையஸ்ட்ல இருந்தா அதுல இருந்து உங்களுக்கு ஒரு தகவலும் கிடைக்காது. உங்களுக்கு வேண்டியது வரிசை. மேல இருந்து கீழ ஒரே கோடு, ஒரு இடத்துல ஒரு டிக்கெட்தான். முன்னூறையும் அடுக்க உக்காராதீங்க, மேல இருக்குற பதினஞ்சு இருபது போதும். கீழ கிடக்குறதை எப்படியும் இந்த மாசம் யாரும் தொடப் போறதில்லை.

வரிசை போடுறப்ப "இது எவ்ளோ முக்கியம்"னு கேக்காதீங்க. எல்லாரும் ரொம்ப முக்கியம்னுதான் சொல்லுவாங்க, அவங்க வேலைய வச்சுப் பாத்தா அது பொய்யும் இல்ல. "இது ரெண்டு வாரம் தள்ளிப் போனா யாருக்கு என்ன நஷ்டம்"னு கேளுங்க. இந்தக் கேள்விக்கு பதில் சொல்றதுக்கு எல்லாரும் கொஞ்சம் யோசிச்சே ஆகணும்.

ராத்திரி_ரிலீஸ் · 5 அக்டோபர் 2025, மதியம் 2:30

ஞாயித்துக்கிழமை, நேரம் இருக்கு, கொஞ்சம் விரிவா எழுதறேன்.

நாங்க பண்றது மெடிக்கல் ஷாப், மருந்து மொத்த வியாபாரிங்களுக்கான பில்லிங் சாஃப்ட்வேர். செப்டம்பர் ஆரம்பத்துல எங்க ஸ்பிரிண்ட்ல (சில வாரத்துக்குன்னு எடுத்துக்கிட்ட வேலைங்கள்ல) என்ன இருந்துச்சுன்னா, வாட்ஸப்ல பில் அனுப்புறது, முதலாளி மொபைல்ல பாக்குற மாதிரி ஒரு டேஷ்போர்டு, ஒரு பெரிய கஸ்டமர் கேட்ட தனி ரிப்போர்ட், அப்புறம் ஸ்கேனர் சம்பந்தமா ரெண்டு மூணு பக். எல்லாத்துலயும் பி1 முத்திரை. ஒவ்வொண்ணுக்கும் வாரத்துல ரெண்டு தடவையாவது யாராவது போன் பண்ணி எங்கப்பா ஆச்சுன்னு கேப்பாங்க.

செப்டம்பர் 3 ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் 56வது கூட்டம் முடிஞ்சு அறிவிப்பு வந்துச்சு. 12 சதவீதமும் 28 சதவீதமும் எடுத்தாச்சு, செப்டம்பர் 22ல இருந்து அமல். மருந்துல பெரும்பாலானது 12ல இருந்து 5, உயிர் காக்குற மருந்து 33க்கு வரியே இல்ல. மெடிக்கல் ஷாப்ல விக்கிற சோப்பு, டூத்பேஸ்ட், தலைக்கு வைக்கிற எண்ணெய் எல்லாம் 18ல இருந்து 5. அதாவது கடையில இருக்குற சரக்குல முக்கால்வாசிக்கு ரேட் மாறுது, 22ஆம் தேதி காலைல கடை திறக்குறப்ப முதல் பில்லே சரியா வரணும்.

மறுநாள் காலை ஸ்டாண்டப்ல (தினமும் நடக்குற சின்ன மீட்டிங்) நான் ஒரு வார்த்தை சொல்றதுக்கு முன்னாடியே டீமே மத்த எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டாங்க. இதுல நான் கவனிச்சது என்னன்னா, அந்த மூணு வாரமும் டேஷ்போர்டு எங்கன்னு ஒருத்தர் கூட கேக்கல. அந்தப் பெரிய கஸ்டமரும் ரிப்போர்ட்டைப் பத்திப் பேசல, அவருக்கும் 22ஆம் தேதி கவலைதான். அக்டோபர்ல திரும்ப எடுத்தப்ப எதுவும் கெட்டுப் போயிருக்கல. வாட்ஸப் பில்லுக்கு மட்டும் கஸ்டமர் பக்கம் நிஜமாவே தேவை இருந்துச்சு, அது மேல வந்துச்சு. டேஷ்போர்டு இன்னும் கீழதான் இருக்கு, அதனால யாருக்கும் ஒரு ரூபா நஷ்டம் இல்ல. ரெண்டு வாரக் கேள்விய நான் பிடிச்சுக்கிட்டது இதுக்கப்புறம்தான்.

அந்த ஒரே வேலைக்குள்ளயும் வரிசை வேணும், அதைச் சொல்ல மறந்துட்டேன். "ஜிஎஸ்டி மாத்தம்"ங்கறது ஒரு டிக்கெட் மாதிரி தெரியும், பிரிச்சுப் பாத்தா பத்துப் பன்னெண்டு இருக்கும். விக்கிற பில்லுல புது ரேட் வர்றதுதான் முதல்ல, அது இல்லன்னா கடை ஓடாது. அடுத்து சரக்குத் திருப்புறது. 22க்கு முன்னாடி 12 சதவீதத்துல வித்த மருந்து 25ஆம் தேதி திரும்பி வந்தா கிரெடிட் நோட் (திருப்பின சரக்குக்கான வரவுச் சீட்டு) பழைய ரேட்லதான் போகணும், ஐட்டம் மாஸ்டர்ல (சரக்குப் பட்டியல்) இருக்குற ரேட்டை எடுத்துப் போட்டா கணக்கு உதைக்கும். ஆனா கிரெடிட் நோட் முதல் நாளே நூறு வராது, ரெண்டு நாள் தாங்கும். ரிட்டர்ன் ஃபைல் பண்றதுக்கான ரிப்போர்ட் அடுத்த மாசம்தான் வேணும், அதனால அது கடைசி. எங்க க்யூஏ (டெஸ்டிங்) பொண்ணு எப்பவும் கீபோர்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன நோட்டு வச்சிருக்கும். அதுல ஒவ்வொரு ஸ்கிரீன் பேரையும் எழுதி, எதிர்ல "எந்த நாள் உதைக்கும்"னு ஒரு தேதி போட்டுச்சு. அந்த நோட்டைப் பாத்துதான் வரிசை போட்டோம். அதுக்கு முன்னாடி போர்டுல வந்த எந்த ஸ்கோரும் எங்களுக்கு இவ்வளவு தெளிவாச் சொன்னதில்ல.

கம்பி_எண்ணாத_டெவ் · 5 அக்டோபர் 2025, மாலை 6:48

கவர்மெண்ட் தேதி வச்சுட்டா யார் வேணா வரிசை போட்டுடலாம். தேதியே இல்லாத நாள்ல என்ன பண்ணுவீங்க?

ராத்திரி_ரிலீஸ் · 6 அக்டோபர் 2025, இரவு 10:20

நியாயமான கேள்வி. கன்பான்னு வேலைய போர்டுல வச்சு நடத்துற ஒரு முறை இருக்கு, அந்தக் கன்பான்காரங்க வேலைய நாலு வகையாப் பிரிப்பாங்க, அதுல எனக்கு ரொம்பத் தெளிவு கிடைச்சுது. முதல் வகை, இப்பவே எரிஞ்சுகிட்டு இருக்கறது, ஒவ்வொரு மணி நேரமும் காசு போகும். ரெண்டாவது, தேதி வச்சது, அந்த நாள் வரைக்கும் ஒண்ணும் ஆகாது, மறுநாள் மொத்தமா அடி விழும், ஜிஎஸ்டி மாதிரி. மூணாவது சாதாரண வேலை, தள்ளிப் போகப் போக நஷ்டம் கொஞ்சம் கொஞ்சமா கூடும். நாலாவது, இன்னிக்கு தள்ளினா இன்னிக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு வருஷம் கழிச்சு கழுத்தைப் பிடிக்கும். பழைய லைப்ரரி மாத்துறது, டெஸ்ட் எழுதுறது, கோட் சுத்தம் பண்றது எல்லாம் இது.

நம்ம ஊர் டீம் பலதுல என்ன நடக்குதுன்னா மூணாவது வகை வேலைக்கு முதல் வகை முத்திரைய குத்திக் கொண்டு வர்றாங்க. சேல்ஸ்ல இருந்து ஒருத்தர் "ரொம்ப அர்ஜெண்ட்"ம்பார், எப்ப வேணும்னு கேட்டா "சீக்கிரம்"ம்பார். தேதி கேளுங்க. தேதி சொல்ல முடியலைன்னா அது சாதாரண வேலை, வரிசைல நிக்கட்டும். தேதி சொன்னா, அந்தத் தேதிக்கு அடுத்த நாள் என்ன ஆகும்னு இன்னொரு தடவை கேளுங்க. சில சமயம் அந்தத் தேதி அவரே மனசுல வச்சுக்கிட்டதா இருக்கும்.

தேதி வச்ச வேலைய உடனே எடுக்கணும்னும் இல்ல. பத்து நாள் வேலைக்கு ரெண்டு மாசம் இருக்குன்னா ஒரு மாசம் கழிச்சு எடுக்கலாம், நடுவுல வேற வேலை முடியும். நிறைய பேர் தேதியப் பாத்த உடனே பதறி முதல்ல எடுத்துடறாங்க.

ராத்திரி_ரிலீஸ் · 6 அக்டோபர் 2025, இரவு 10:52

சாதாரண வேலைங்களை எப்படி அடுக்கறதுன்னு விட்டுப் போச்சு. அதுக்குத்தான் டபிள்யூஎஸ்ஜேஎஃப் (வெயிட்டட் ஷார்ட்டஸ்ட் ஜாப் ஃபர்ஸ்ட்). டான் ரைனர்ட்சன் 2009ல வந்த புத்தகத்துல விளக்கினது, அப்புறம் பெரிய கம்பெனிங்களுக்கான சேஃப் (SAFe) முறைக்காரங்க எடுத்து பெருசாக்கிட்டாங்க. உள்ள இருக்குற விஷயம் ரொம்ப எளிசு, தாமதத்தால ஆகுற நஷ்டத்தை வேலை எடுக்குற நாளால வகுத்து, பெரிய நம்பரை முதல்ல எடு, அவ்ளோதான்.

சும்மா கணக்குக்கு சொல்றேன். வேலை ஏ, மூணு வாரம் ஆகும், முடியற வரைக்கும் வாரத்துக்கு 3 லட்சம் நஷ்டம். வேலை பி, ஒரு வாரம் ஆகும், வாரத்துக்கு 2 லட்சம் நஷ்டம். ஏ-ல நஷ்டம் கூடன்னு அதை முதல்ல எடுத்தா, ஏ முடியறப்ப 9 லட்சம் போயிருக்கும், பி நாலு வாரம் காத்திருந்ததுல 8 லட்சம், மொத்தம் 17. பி-ய முதல்ல எடுத்தா, பி-க்கு 2 லட்சம், ஏ நாலு வாரத்துல 12 லட்சம், மொத்தம் 14. அதே ஆள், அதே வேலை, வரிசைய மாத்தினதுல 3 லட்சம் மிச்சம். சின்ன வேலைய முதல்ல முடிங்கன்னு அனுபவசாலிங்க சொல்றதுக்கு இதுதான் கணக்கு. ஆனா நஷ்டமே இல்லாத சின்ன வேலைக்கு இது பொருந்தாது. பட்டன் கலர் மாத்துறதுக்கு இதை ஆதாரமா எடுத்துட்டு வராதீங்க.

புதுபிஓ_கோவை · 7 அக்டோபர் 2025, காலை 8:40

அக்கா, வாரத்துக்கு 3 லட்சம்னு எனக்கு யார் சொல்லுவா? எங்க சேல்ஸ்கிட்ட கேட்டா கோடின்னுதான் சொல்லுவாங்க.

ராத்திரி_ரிலீஸ் · 7 அக்டோபர் 2025, இரவு 9:15

சப்போர்ட்கிட்ட போங்க. இந்த பக் இருக்குறதுனால வாரத்துக்கு எத்தனை கால் வருது, ஒரு கால் எவ்ளோ நேரம் பிடிக்குது, எத்தனை பேர் ரெனியூவல் பண்ண மாட்டேன்னு சொல்லிருக்காங்க, இதெல்லாம் அவங்ககிட்ட இருக்கும். ரூபாய்க்கு மாத்துறது அப்புறம் வாய்ப்பாடுதான். துல்லியம் தேவையில்ல, இது அதை விட ரெண்டு மடங்கா பத்து மடங்கான்னு தெரிஞ்சா போதும். ரெண்டு டிக்கெட் கிட்டத்தட்ட ஒரே நஷ்டம்னு வந்தா எதை முன்னாடி எடுத்தாலும் ஒண்ணுதான், அதுக்கு ஒரு மணி நேரம் மீட்டிங்ல மல்லுக்கட்டாதீங்க.

இன்டர்காம் கம்பெனில இருந்து வந்த ரைஸ்ல எனக்குப் பிடிச்சது அந்த கான்ஃபிடன்ஸ் (நம்பிக்கை) கட்டம் மட்டும்தான். எத்தனை பேருக்குப் போய்ச் சேரும், எவ்ளோ தாக்கம்னு பெருக்கிட்டு, இதை எவ்ளோ நம்பறேன்னு 100, 80, 50 சதவீதம்னு ஒண்ணு போட்டு அதையும் பெருக்கணும், கடைசில உழைப்பால வகுக்கணும். கோடின்னு சொல்றவர்கிட்ட "சரிங்க சார், இதுக்கு என்ன ஆதாரம், 50 சதவீதம் போட்டுக்கவா"ன்னு மரியாதையா கேக்கறதுக்கு அது ஒரு வழி. அவரும் கோவிச்சுக்க மாட்டார், ஃபார்முலா கேக்குதுன்னு எடுத்துப்பார்.

ராத்திரி_ரிலீஸ் · 7 அக்டோபர் 2025, இரவு 9:31

மாஸ்கோ பத்தியும் கேட்டிருந்தீங்க, ரெண்டு வரி. ஆரக்கிள்ல இருந்த டாய் கிளெக் 1994ல கொண்டு வந்தது, டிஎஸ்டிஎம்ங்கற ப்ராஜெக்ட் நடத்துற முறைக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. கண்டிப்பா வேணும், இருந்தா நல்லது, முடிஞ்சா பாக்கலாம், இந்தத் தடவை இல்லன்னு நாலு பை. இதுல எல்லாரும் விட்டுடற ஒரு விதி இருக்கு, "கண்டிப்பா" பைக்குள்ள போற வேலை மொத்த உழைப்புல 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினா ஏதாவது ஒண்ணு இழுத்தாலே தேதி போயிடும், தள்ளி வைக்க கையில எதுவும் இருக்காது. இந்த விதி இல்லாம மாஸ்கோ பண்ணினா எல்லாமே முதல் பைக்குள்ளதான் போகும், நீங்க ஹையஸ்ட்ல நிக்கிற அதே இடம்.

கம்பி_எண்ணாத_டெவ் · 9 அக்டோபர் 2025, மதியம் 1:10

நீங்க சொல்றதெல்லாம் ப்ராடக்ட் கம்பெனிக்கு. நாங்க சர்வீஸ். கிளையண்ட் அமெரிக்கால, அங்க நாலு மேனேஜர், நாலு பேரும் அவங்கவங்க வேலைதான் முதல்லன்னு ராத்திரி கால்ல சண்டை. இங்க இருக்குற எங்களுக்கு வாயே இல்ல.

ராத்திரி_ரிலீஸ் · 9 அக்டோபர் 2025, இரவு 11:40

இதுக்கு ஹைதராபாத்ல நடந்த ஒரு நிஜ உதாரணம் இருக்கு. 2004, 2005 வாக்குல மைக்ரோசாஃப்ட்டோட உள் ஐடில எக்ஸ்ஐடின்னு ஒரு மெயின்டெனன்ஸ் டீம், வேலை செஞ்சவங்க ஹைதராபாத்ல, வேலை கேக்குற மேனேஜருங்க அமெரிக்கால. நீங்க சொன்ன அதே அமைப்பு. சின்னச் சின்ன மாத்தம், பக் ஃபிக்ஸ்தான், ஆனா ஒரு கோரிக்கை முடிய அஞ்சு மாசம் ஆச்சு, பேக்லாக் (செய்யாம காத்திருக்குற வேலைங்க) வளந்துகிட்டே போச்சு, அந்த டிவிஷன்லயே மோசமான டீம்னு பேர். டிராகோஸ் டுமிட்ரியுன்னு ஒருத்தர் பொறுப்பேத்துக்கிட்டு கன்பானை சாஃப்ட்வேர் வேலைக்குக் கொண்டு வந்த டேவிட் ஆண்டர்சனோட உதவில என்ன நடக்குதுன்னு உக்காந்து பாத்திருக்காங்க.

டெவலப்பருங்க சோம்பேறிங்க இல்ல. வர்ற ஒவ்வொரு கோரிக்கைக்கும் ரெண்டு நாளுக்குள்ள எஸ்டிமேட் குடுக்கணும்னு ஒரு விதி இருந்திருக்கு. அதுக்காக கையில இருக்குற வேலைய பாதில விட்டுட்டு எஸ்டிமேட் போட்டாங்க. டீமோட நேரத்துல மூணுல ஒரு பங்குக்கும் மேல அதுலயே போச்சு. எஸ்டிமேட் போட்டதுல கிட்டத்தட்ட பாதி வேலை கடைசி வரைக்கும் செய்யவே இல்ல. அதாவது எதை முதல்ல எடுக்கறதுன்னு முடிவு பண்றதுக்காக எடுத்த முயற்சியே வேலைய தின்னுடுச்சு.

எஸ்டிமேட்டை நிறுத்தினாங்க. டீம் கையில எத்தனை வேலை இருக்கலாம்னு ஒரு அளவு வச்சாங்க. மேனேஜருங்க எல்லாத்தையும் வரிசைப்படுத்த வேண்டாம், ஒரு இடம் காலியானா அதுல எதைப் போடலாம்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டாங்க. அஞ்சு மாசம் ஆனது ரெண்டு வாரத்துக்கு வந்துச்சு, ஒன்பது மாசத்துல மோசமான டீம் சிறந்த டீம் ஆச்சுன்னு அவங்களே பேப்பர் எழுதிருக்காங்க. ஹைதராபாத்ல இருந்த யாரும் ராத்திரி பகலா கூடுதலா உழைச்சு இதைச் சாதிக்கல, இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். நம்ம ஊர்ல எதுக்கெடுத்தாலும் வீக்கெண்டு வரச் சொல்றதுதான் முதல் வைத்தியமா இருக்கு.

அதனால உங்களுக்கு வாய் இல்லன்னு நினைக்காதீங்க. உங்க கையில இப்ப எத்தனை வேலை ஓடுது, ஒண்ணு முடிய எத்தனை நாள் ஆகுது, எஸ்டிமேட்டுக்கு எத்தனை மணி நேரம் போகுது, இந்த மூணும் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. ஒரு மாசம் குறிச்சு வச்சு அந்த நாலு மேனேஜரையும் ஒரே கால்ல உக்கார வச்சு காட்டுங்க. தனித்தனியா காட்டினா ஒவ்வொருத்தரும் மத்தவங்க வேலையத்தான் குறைக்கச் சொல்லுவாங்க.

ராத்திரி_ரிலீஸ் · 10 அக்டோபர் 2025, காலை 7:25

நேத்து எழுதினதுல ஒரு கணக்கு சேத்துக்கறேன். ஜான் லிட்டில்னு ஒரு பேராசிரியர் 1961ல நிரூபிச்ச விதி, க்யூ எங்க இருந்தாலும் பொருந்தும். கையில 12 வேலை ஓடுது, வாரத்துக்கு 3 முடியுதுன்னா, ஒரு வேலை சராசரியா 4 வாரம் எடுக்கும். அதே வேகத்துல கையில 6 மட்டும் வச்சுக்கிட்டா 2 வாரம். டோக்கன் வாங்கிட்டு டாக்டர் ரூம் வாசல்ல உக்காந்திருக்குறவங்களுக்கு இது சொல்லாமலே தெரியும், உள்ள ஒரே டாக்டர்தான், வெளிய எத்தனை பேர் இருக்காங்கங்கறதைப் பொறுத்துதான் நம்ம முறை.

ஸ்டாண்டப்ல "இன்னிக்கு என்ன புதுசா எடுக்கப் போறே"ன்னு கேக்காம, போர்டுல வலது பக்கம் இருந்து ஆரம்பிச்சு "இது முடிய என்ன தடை"ன்னு கேளுங்க. ரிவ்யூல (இன்னொருத்தர் சரி பாக்கறதுக்காக) மூணு நாளா கிடக்குற ஒண்ணை முடிச்சு விடறது, புதுசா ரெண்டு தொடங்கறதை விட நல்லது. இதையும் நான் வரிசை போடற வேலையாத்தான் பாக்கறேன், பிஓ மட்டும் பேக்லாக்ல போடறது வரிசை இல்ல, டெவலப்பர் காலைல எந்த டேபைத் திறக்கறார்ங்கறதும் வரிசைதான்.

கம்பி_எண்ணாத_டெவ் · 14 அக்டோபர் 2025, இரவு 8:02

அந்த நாலாவது வகை? ரீஃபேக்டரிங் (வேலை மாறாம பழைய கோட் அமைப்பை மட்டும் சீர் பண்றது) டிக்கெட் ஒண்ணு ரெண்டு வருஷமா கீழயே கிடக்கு. உங்க ரெண்டு வாரக் கேள்விய கேட்டா அது ஜென்மத்துக்கும் மேல வராது.

ராத்திரி_ரிலீஸ் · 15 அக்டோபர் 2025, இரவு 10:10

நீங்க சொல்றது சரி, அந்தக் கேள்வி மட்டும் வச்சா வராது. அதுக்குத் தனி ஒதுக்கீடு வேணும். எங்க டீம்ல ஒவ்வொரு ஸ்பிரிண்ட்லயும் ஒரு பங்கை டெவலப்பருங்க கையில விட்டுடுவோம், அதுல என்ன பண்றாங்கன்னு அவங்க சொல்லணும், ஆனா சேல்ஸ் டிக்கெட்டோட போட்டி போட வேண்டாம்.

ஏப்ரல்ல எங்க சீனியர் டெவலப்பர் ஒருத்தர் அந்தப் பங்குல ஒரு வேலை எடுத்தார். ஐட்டம் மாஸ்டர்ல வரி சதவீதத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்துச்சு, மாத்தினா பழசு அழிஞ்சு போகும். அதைத் தனி டேபிளாக்கி, எந்த ஐட்டத்துக்கு எந்தத் தேதில இருந்து எந்த ரேட்னு வரிசையா நிக்கிற மாதிரி பண்ணினார். அன்னிக்கு ஒரு கஸ்டமரும் அதைக் கேக்கல, டெமோல காட்டவும் ஒண்ணும் இல்ல. செப்டம்பர்ல எங்களுக்கு என்ன ஆச்சுன்னு யோசிச்சுப் பாருங்க, ரேட் மாத்தறதுங்கறது புது வரிகளை 22ஆம் தேதி போட்டு ஏத்தறதா முடிஞ்சுது, பழைய பில் ஒண்ணும் அசையல. கிரெடிட் நோட்ல கஷ்டப்பட்டோம், அது வேற மாட்யூல், அதுல இன்னும் அந்தப் பழைய ஒத்தைக் கட்டத்தைத்தான் படிச்சுகிட்டு இருந்துச்சு.

இந்த மாதிரி வேலைய விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு நைட் கேபிடல் கதை இருக்கு. அமெரிக்கப் பங்குச் சந்தைல ஆர்டர் போடற கம்பெனி. பவர் பெக்னு ஒரு பழைய ஃபங்ஷன், 2003லயே நிறுத்திட்டாங்க, ஆனா அந்தக் கோட் மட்டும் எடுக்காம விட்டுட்டாங்க. 2012ல புது வசதி போடறப்ப பழைய ஃபங்ஷனோட ஃப்ளாகையே (அதை இயக்குற சுவிட்ச்) திரும்பப் பயன்படுத்தினாங்க. எட்டு சர்வர்ல ஒண்ணுல புது கோட் போய்ச் சேரல. ஆகஸ்ட் 1 காலைல மார்க்கெட் திறந்ததும் அந்த ஒரு சர்வர்ல பழைய கோட் எழுந்து ஆர்டரா அடிச்சுத் தள்ளுச்சு. 45 நிமிஷத்துல 44 கோடி டாலருக்கு மேல நஷ்டம், கம்பெனியே கை மாறிடுச்சு. செத்த கோட் எடுக்கறதுங்கற டிக்கெட் எந்த ரெண்டு வாரத்துலயும் முதல் இடத்துக்கு வந்திருக்காது, ஒன்பது வருஷம். இதை என் மேனேஜ்மென்ட் கிட்ட ஒரு தடவை விளக்கிச் சொன்னேன், அதுக்கப்புறம் அந்த ஒதுக்கீட்டைப் பத்தி யாரும் கேள்வி கேக்கல.

ராத்திரி_ரிலீஸ் · 18 அக்டோபர் 2025, மாலை 4:35

ப்ராட் (கஸ்டமர் பயன்படுத்துற நிஜ சிஸ்டம்) எரியறப்ப என்ன பண்றதுன்னு இன்பாக்ஸ்ல ஒருத்தர் கேட்டிருந்தார், பொதுவுலயே எழுதறேன்.

2013 அக்டோபர் 1ல அமெரிக்க அரசோட மருத்துவக் காப்பீட்டு வெப்சைட் ஹெல்த்கேர் டாட் கவ் தொடங்கின அன்னிக்கு முதல் நாள் ஆறே பேர்தான் முழுசா பதிவு பண்ண முடிஞ்சுது. தொடங்கறதுக்கு முன்னாடி எதை எடுக்கலாம் எதை விடலாம்னு பேசினப்ப, கணக்கு தொடங்காமலே திட்டங்களைப் பாக்குற வசதிய தள்ளி வச்சுட்டாங்க. அதனால சும்மா விலை பாக்க வந்தவங்களும் கணக்கு தொடங்குற வாசல்லயே வந்து மோதினாங்க, தாங்காம போச்சு. அந்த வசதிய "இருந்தா நல்லது"ன்னு பாத்திருப்பாங்க போல, ஆனா கூட்டத்தைப் பிரிச்சு விடற வேலையும் அதுதான் செஞ்சிருக்கும். ஒரு வேலைய தள்ளி வைக்கறப்ப அது வேற எதைத் தாங்கிட்டு இருக்குன்னு டெவலப்பர்கிட்ட கேக்கணும்.

அப்புறம் சரி பண்ண வந்தவங்கள்ல கூகுள்ல இருந்து போன மைக்கி டிக்கர்சன் சுவத்துல மூணு விதி ஒட்டினார். இந்த ரூம் பிரச்சினைய தீர்க்கறதுக்கு, யார் மேல பழின்னு பேச வேற இடம் இருக்கு. பதவில பெரியவங்க பேச வேண்டாம், விஷயம் தெரிஞ்சவங்க பேசட்டும். அடுத்த 24ல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள நம்மளை அடிக்கப் போற பிரச்சினைய மட்டும் பேசுவோம். டிசம்பர் தொடக்கத்துல 400க்கு மேல ஃபிக்ஸ் போயிருந்துச்சு, பக்கம் திறக்க 8 செகண்ட் ஆனது 1 செகண்டுக்குக் கீழ வந்துச்சு.

எரியற நாள்ல என்னோட ரெண்டு வாரக் கேள்விய ரெண்டு நாள் கேள்வியாச் சுருக்கிக்கணும். ஆனா நெருப்பு அணைஞ்சதும் திரும்ப ரெண்டு வாரத்துக்கு வந்துடணும். சில டீம் வருஷம் முழுக்க 48 மணி நேர மோட்லயே ஓடுது, ஆளுங்க உடம்பு கெட்டு பேப்பர் போட்டுட்டுப் போறாங்க. எனக்குத் தெரிஞ்சு நல்ல டெவலப்பருங்க அப்படிப் போயிருக்காங்க, சம்பளத்துக்காகப் போகல.

புதுபிஓ_கோவை · 27 அக்டோபர் 2025, காலை 10:05

அக்கா, மேல இருபதை அடுக்கிட்டேன். ஒரு வருஷமா யாரும் தொடாத டிக்கெட்டை எல்லாம் மூடிட்டேன், ரெண்டு பேர்தான் எங்கன்னு கேட்டாங்க. ஆனா எம்.டி. இன்னும் நேரா டெவலப்பர்கிட்ட போறார்.

ராத்திரி_ரிலீஸ் · 27 அக்டோபர் 2025, இரவு 9:50

மூடினது ரொம்ப நல்லது. நிஜமா தேவைன்னா திரும்ப வரும்.

எம்.டி. விஷயம். ஸ்பிரிண்ட், பிஓன்னு நாம பண்ற ஸ்க்ரம் முறைக்கான ஸ்க்ரம் கைடுல தெளிவா இருக்கு, ப்ராடக்ட் ஓனர் ஒரே ஒரு ஆள், கமிட்டி கிடையாது, அவர் முடிவை மொத்த நிறுவனமும் மதிக்கணும்னு. ஆனா அதை எடுத்துட்டுப் போய் எம்.டி. முன்னாடி படிக்காதீங்க, அவர் கம்பெனி அது. டெவலப்பருங்ககிட்ட ஒரு வாசகம் சொல்லிக் குடுங்க, "சரிங்க சார், இப்ப நான் இதைப் பண்ணிகிட்டு இருக்கேன், எதை நிறுத்தட்டும்னு பிஓ கிட்ட கேட்டுக்கறேன்". மறுப்பு இல்ல, மரியாதைக் குறைவும் இல்ல. அப்புறம் நீங்க அந்த இருபது வரிசைய பிரிண்ட் எடுத்து அவர் டேபிளுக்குப் போங்க. "உங்க வேலைய மூணாவதா வைக்கலாம் சார், அப்ப இப்ப மூணாவதா இருக்குற ஸ்கேனர் பக் நாலாவதாப் போகும், அதுக்கு வாரத்துக்கு இத்தனை கால் வருது"ன்னு காட்டுங்க. முடிவு அவர் எடுக்கட்டும். பாதி தடவை அவரே "வேண்டாம் விடு"ம்பார், மீதி பாதில அவர் சொல்றதுல நமக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருக்கும், பேங்க் லோனோ, பார்ட்னரோ. அது தெரிஞ்சா வரிசைய சந்தோஷமா மாத்தலாம்.

ராத்திரி_ரிலீஸ் · 28 அக்டோபர் 2025, காலை 6:55

ஒரு விஷயத்துல யோசிச்சுப் பாத்ததும் அழுத்திச் சொல்லத் தோணுது. சேல்ஸைப் பத்தி மேல எழுதினதைப் படிச்சா அவங்களை வெளிய நிறுத்தணும்னு நான் சொல்ற மாதிரி இருக்கு. அப்படி இல்ல. வாட்ஸப் பில்லை மேல கொண்டு வந்தது எங்க சேல்ஸ்ல இருக்குற ஒரு பையன்தான், மதுரைல கடை கடையா ஏறி இறங்கறவன். பில் பேப்பர் ரோல் விலைய கடைக்காரங்க எப்படிக் கணக்குப் பாக்கறாங்கன்னு அவன் சொல்லித்தான் தெரிஞ்சுது, ஒரு கடைக்காரர் பழைய ரோல் மிச்சத்தை ரப்பர் பேண்ட் போட்டு டிராயர்ல சேத்து வச்சிருந்த போட்டோவ அனுப்பினான். அந்த மாதிரி ஆளை க்ரூமிங்ல (பேக்லாக்கைச் சரி பாக்குற மீட்டிங்) கூப்பிட்டு உக்கார வைங்க. கோடின்னு சொல்ற மேனேஜர் வரலைன்னாலும் பரவாயில்ல, கடைக்குப் போறவன் வரணும்.

உங்க டீம்ல அப்படி யார் இருக்காங்கன்னு பாத்து, அடுத்த க்ரூமிங்குக்கு முன்னாடி அவங்ககிட்ட அந்த இருபதையும் காட்டி எதை மாத்துவீங்கன்னு கேட்டுட்டு வந்து இங்க போடுங்க, அதை வச்சு மேல பேசலாம்.